கடைக்காரர் அடித்த காசு

பஸ் கண்டக்டர் டிக்கெட்டின் பின்புறம் பேனாவால் '3' என்று எழுதி ஒரு சுழி போட்டுக் கொடுப்பாரே, நினைவிருக்கிறதா? இப்போது சில்லறை இல்லை, இறங்கும்போது கேளுங்கள் என்று பொருள். அந்தக் கிறுக்கல் வண்டிக்குள் மூன்று ரூபாய். கேட்க மறந்து இறங்கிவிட்டால் குப்பைத்தாள். மளிகைக் கடையில் ஒரு ரூபாய்க்குப் பதிலாகக் கையில் திணிக்கும் மிட்டாயும் அதே ஜாதிதான். மறுநாள் அந்த மிட்டாயை அதே கடையில் ஒரு ரூபாயாக நீட்டிப் பாருங்கள், அண்ணாச்சி முகம் போகிற போக்கிலேயே விஷயம் விளங்கிவிடும்.

அந்தக் கிறுக்கலைச் செம்பில் அடித்தால் எப்படி இருக்கும் என்பதுதான் இந்த அத்தியாயம். போர்க்காலத்தில் சில்லறை வறண்டு கடைக்காரர்கள் தாங்களே காசடித்த கதை பல நாடுகளில் உண்டு. ஆனால் புதிதாகச் சேர்க்க வருபவருக்கு நான் எப்போதும் காட்டும் வாசல் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால டோக்கன்கள்தான். காரணம் எளிது: ஏராளமாகப் புழங்கியவை, நன்றாக ஆராயப்பட்டவை, கையைக் கடிக்காதவை.

முதலில் பின்கதை. 1861 ஏப்ரலில் போர் தொடங்கியது. அந்த டிசம்பர் கடைசியில் வடக்கு மாநில வங்கிகள் நோட்டுக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்தின. நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில் ஜனங்கள் முதலில் தங்கத்தைப் பதுக்கினார்கள், அப்புறம் வெள்ளியை. 1862 கோடையில் ஒரு சென்ட் காசும் பானைக்குள் போய்விட்டது. அந்தக் காசில் வெள்ளி குன்றிமணி அளவுகூடக் கிடையாது. நூற்றுக்கு 88 பங்கு செம்பு, 12 பங்கு நிக்கல். ஆனாலும் அரசாங்கம் அவசரமாக அச்சடித்துத் தள்ளிய காகிதத்தைவிடக் கையில் கனத்தது. பதுக்குகிறவனுக்கு அது போதும்.

ரொட்டி வாங்கக் காசில்லை, டிராம் ஏறக் காசில்லை. தபால்தலையைக் கொடுத்தும் வாங்கியும் பார்த்தார்கள். 1862 ஜூலை 17ஆம் தேதிச் சட்டம் அதற்கு அங்கீகாரமும் கொடுத்தது. ஆனால் பின்னால் பசை தடவிய தாள் கோடைக்காலத்து வியர்வைக் கையில் என்ன பாடுபடும்? ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையானது. ஜான் கால்ட் என்பவர் அந்த ஆகஸ்ட் 12இல் ஒரு காப்புரிமை வாங்கினார்: தபால்தலையை வட்டமான பித்தளைச் சட்டத்துக்குள் வைத்து முன்னால் மைக்காத் தகடு, அதாவது நம் காக்காப்பொன், போட்டு மூடுவது. சட்டத்தின் முதுகில் மருந்துக் கம்பெனி, துணிக்கடை விளம்பரம். அழகான பொருள், ஆனால் விலை நம்மைப் போன்றவர்கள் நெருங்க முடியாதது. பார்த்து ரசித்துவிட்டு நகர்வோம்.

1862 இலையுதிர் காலத்தில் ஓஹையோ மாநிலத்துச் சின்சினாட்டியில் கடைக்காரர்கள் தங்கள் பெயர் போட்ட செம்பு டோக்கன்களை வெளிவிட ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டு நியூயார்க்கும் மற்ற நகரங்களும் பிடித்துக்கொண்டன. உங்கள் கைக்கு வரும் டோக்கன்களில் பெரும்பாலானவற்றில் 1863 என்றே இருக்கும். அளவு அரசாங்கச் சென்ட்டின் அளவேதான், சுமார் 19 மில்லிமீட்டர். கடைக்காரருக்கு அடக்கவிலை ஒரு சென்ட்டுக்கும் குறைவு. மிச்சம் லாபம், கூடவே விளம்பரம் இலவசம். மொத்தம் இரண்டரைக் கோடிக்கு மேல் அடிக்கப்பட்டிருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வகைகள் மட்டும் பத்தாயிரத்தைத் தாண்டும். அரசாங்க நாணயச்சாலையும் சும்மா இருக்கவில்லை. 1863இல் மட்டும் 4 கோடியே 98 லட்சத்துக்கு மேல் சென்ட் காசு அடித்தது. பானைகளுக்குப் பசி அடங்கவில்லை.

இந்தக் காசுகளின் குணத்தை ஒரே ஆளை வைத்துச் சொல்லிவிடலாம். நியூயார்க்கில் லின்டன்முல்லர் என்று ஒரு மதுக்கடைக்காரர். டோக்கனின் ஒரு பக்கம் தாடிக்காரர் தலை, மறுபக்கம் நுரை பொங்கும் பீர்க் குவளை. பத்து லட்சத்துக்கும் மேல் அடித்து ஊருக்குள் விட்டார் என்பார்கள். மூன்றாம் அவென்யூ டிராம் கம்பெனி பயணிகளிடமிருந்து இவற்றை வாங்கி வாங்கி மூட்டை கட்டியது. மாற்றித் தாருங்கள் என்று அவரிடமே கொண்டுபோனது. அவர் முடியாது என்று சிரித்துவிட்டாராம். டிராம் கம்பெனியால் ஒன்றும் செய்ய முடியவில்லை, ஏனென்றால் மாற்றித்தான் தீர வேண்டும் என்று அன்றைக்குச் சட்டமே இல்லை. நேற்றுவரை காசு, இன்று செல்லாக்காசு.

சட்டம் 1864இல் வந்தது. ஏப்ரல் 22ஆம் தேதிச் சட்டம் தனியார் ஒரு சென்ட், இரண்டு சென்ட் டோக்கன்களைக் குற்றமாக்கியது. ஜூன் 8ஆம் தேதிச் சட்டம் எந்த உலோகத்தில் யார் காசு அடித்தாலும் சிறை, அபராதம் என்று கதவை முழுசாகச் சாத்தியது. இதில் வேடிக்கை, அதே ஏப்ரல் சட்டம்தான் அரசாங்கச் சென்ட்டையும் மெலிய வைத்தது. பழைய சென்ட் 4.67 கிராம், புதியது வெண்கலம், 3.11 கிராம். இப்படி மெல்லிய காசை ஜனங்கள் வாங்குவார்களா என்ற சந்தேகத்துக்குக் கடைக்காரர் டோக்கன்களே பதில் சொல்லியிருந்தன. நாணயச்சாலை இயக்குநர் ஜேம்ஸ் பொல்லாக் அதைக் கவனித்தவர். திருடன் பூட்டைத் திறந்த விதத்தைப் பார்த்துப் போலீஸ்காரர் புதுப் பூட்டு செய்துகொண்ட மாதிரி.

எதிலிருந்து தொடங்குவது

இரண்டு பெரிய வகை. கடையின் பெயரும் ஊரும் போட்டவை ஒன்று. பெயரே இல்லாமல் கொடி, கழுகு, சுதந்திர தேவி, தளபதிகள், 'யூனியன்' வாசகம் இவற்றை மட்டும் தாங்கியவை இன்னொன்று. இவற்றைத் தேசபக்தி டோக்கன் என்பார்கள். பெயர் போடாதது பாசத்தால் மட்டுமல்ல. பெயர் இருந்தால்தானே லின்டன்முல்லரைத் தேடி வந்த மாதிரி யாராவது மூட்டையோடு வந்து நிற்பார்கள்? மூன்றாவதாகப் படைகளோடு கூடவே போய் வீரர்களுக்குப் புகையிலையும் பிஸ்கட்டும் விற்ற சட்லர்களின் டோக்கன்கள். அவை 5, 10, 25, 50 சென்ட் மதிப்பில் இருக்கும், அரிதானவை, விலையும் எட்டாத தூரத்தில்தான் நிற்கும். ஆரம்பத்திலேயே அதில் கை வைக்காதீர்கள்.

தேசபக்தி டோக்கன்கள் மலிவு, படமும் கண்ணுக்கு விருந்து. பெரும்பாலானோர் அங்கேதான் தொடங்குகிறார்கள். நான் வேறு சொல்வேன்: கடைப்பெயர் போட்டதை எடுங்கள். அதிலும் ஒரே ஊர், அல்லது ஒரே தொழில். மளிகைக்கடை, மருந்துக்கடை, செருப்புக்கடை, சவப்பெட்டிக்காரர் வரை எல்லாத் தொழிலும் உண்டு. பத்து ஊரிலிருந்து பத்து டோக்கன் வைத்திருந்தால் அது டப்பா. சின்சினாட்டி மளிகைக்கடைகள் மட்டும் பத்து வைத்திருந்தால் அது தெரு. ஓஹையோ, நியூயார்க், மிச்சிகன், இண்டியானா, இல்லினாய், விஸ்கான்சின் மாநிலங்களில் தேர்வுக்குப் பஞ்சமில்லை. தெற்கில் மிகக் குறைவு. தெற்குக்காரர்களின் டோக்கன் என்று யாராவது தட்டில் வைத்து நீட்டினால் சந்தேகத்தோடு பாருங்கள்.

தமிழ்த் தொடர்புள்ள டோக்கன் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்காக 19ஆம் நூற்றாண்டில் கொழும்பு வணிக நிறுவனங்கள் வெளியிட்ட டோக்கன்கள் உண்டு. அவற்றைக் கையில் வாங்கியவர்களில் பெரும்பாலோர் நம் ஊரிலிருந்து போன கூலித் தொழிலாளிகள். ஆனால் அவை போரால் பிறந்தவை அல்ல, கதையும் வேறு. இரண்டாம் உலகப் போரில் இந்தியாவிலேயே செம்பை மிச்சம் பிடிக்க 1943இல் வந்த ஓட்டைக் காலணாவும் அரசாங்கக் காசுதான், டோக்கன் அல்ல.

லென்ஸை எடுங்கள்

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் நகைக்கடை லென்ஸ் ஒன்று வாங்குங்கள். அதற்கு மேல் தேவையில்லை. பிறகு இந்தப் பயிற்சி: தலையில் சிறகுக் கிரீடம் அணிந்த பெண் முகம் போட்ட 1863 தேதியிட்ட டோக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். அரசாங்கச் சென்ட்டில் இருப்பது போலவே அச்சு அசலாக இருக்கும். திருப்பினால் பூ பக்கம். இலை வளையத்துக்கு நடுவே 'ஒன் சென்ட்' என்று கொட்டை எழுத்தில். அரசாங்கக் காசேதான் என்று தோன்றும். லென்ஸை வைத்து 'ஒன்' என்ற சொல்லின் தலைக்கு மேல் பாருங்கள். எறும்பு ஊர்ந்த மாதிரி மூன்று எழுத்து: 'நாட்'. சேர்த்துப் படித்தால் 'ஒரு சென்ட் அல்ல'. அவசரத்தில் வாங்குபவன் கண்ணில் 'ஒன் சென்ட்' படும். கள்ளக்காசு என்று யாராவது வழக்குப் போட்டால் 'நாட்' காப்பாற்றும். நான் பார்த்த முதல் டோக்கன் இதுதான். அந்த மூன்று எழுத்தை நானாகக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. விற்றவர் சொல்லியிருக்கலாம், சொல்லாததற்கு இன்றைக்கும் நன்றி.

எழுத்துப் பிழைகளும் லென்ஸுக்குத் தீனி. 1861 ஜனவரியில் கருவூலச் செயலராக இருந்த ஜான் டிக்ஸ், அமெரிக்கக் கொடியை இறக்க முயல்பவனை அந்த இடத்திலேயே சுட்டுத்தள்ளுங்கள் என்று தந்தி அடித்தார். தேசபக்தி டோக்கன்காரர்களுக்கு அது அல்வா. ஒரு அச்சுவெட்டி 'ஸ்பாட்' என்ற சொல்லில் ஒரு 'ஓ' கூடுதலாக வெட்டி, 'ஸ்பூட்' என்று ஆக்கிவிட்டார். அந்தப் பிழைக்கே தனியாக விசிறிகள். பாஸ்டனில் மெரியம் என்ற அச்சுவெட்டி தன் டோக்கனில் ஒரு நாய்த்தலையைப் போட்டு, 'ஒரு சென்ட்டுக்குச் செல்லும்' என்று எழுத வேண்டிய இடத்தில் வாசனை என்று பொருள்படும் 'சென்ட்'டைப் போட்டார். ஆங்கிலத்தில் காசுக்கும் வாசனைக்கும் உச்சரிப்பு ஒன்றுதான், எழுத்துதான் வேறு. அத்தர் பாட்டிலையே 'சென்ட்' என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்தச் சிலேடை விளங்க அகராதி வேண்டியதில்லை.

படத்தைப் பார்த்ததும் தலையையும் பூவையும் எந்த வாக்கில் வைத்து அடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். டோக்கனை மேலும் கீழுமாகப் புரட்டும்போது பூ பக்கம் நிமிர்ந்து நின்றால் காசு வாக்கு. புத்தகத் தாளைப் போலப் பக்கவாட்டில் திருப்பும்போது நிமிர்ந்து நின்றால் பதக்க வாக்கு. சிறு பட்டறைகளில் இது கோணிக்கொண்டு போவதும் உண்டு. குறித்து வையுங்கள்.

எண்களும் அரிதும்

இத்துறைக்கு முதல் பெரிய அட்டவணை 1924இல் ஹெட்ரிச், கட்டாக் இருவர் கொண்டுவந்தது. இன்று எல்லோரும் பயன்படுத்துவது ஃபுல்ட் எண். அப்பா மெல்வின், மகன் ஜார்ஜ் இருவருமாகத் தேசபக்தி வகைகளுக்கு 1960இலும் கடை வகைகளுக்கு 1972இலும் நூல் போட்டார்கள். கடை டோக்கனின் எண்ணில் முதலில் மாநிலம், பிறகு ஊருக்கான எண் (நியூயார்க் நகரம் 630, சின்சினாட்டி 165), பிறகு கடைக்கான எழுத்து, அச்சு வகை, கடைசியில் உலோகம். தேசபக்தி டோக்கனில் இரண்டு எண்கள், தலை அச்சுக்கு ஒன்று, பூ அச்சுக்கு ஒன்று. கடைசி எழுத்து 'ஏ' என்றால் செம்பு, 'பி' பித்தளை, 'டி' செம்பு நிக்கல், 'இ' வெள்ளை உலோகம்.

அரிதுக்கு 1 முதல் 10 வரை அளவுகோல். 1 என்றால் ஐயாயிரத்துக்கு மேல் மிஞ்சியிருக்கிறது. 5 என்றால் 75 முதல் 200. 9 என்றால் இரண்டு முதல் நான்கு. 10 என்றால் உலகத்திலேயே ஒன்று. இந்தப் பத்தாம் எண்ணைப் பார்த்ததும் வாய் பிளப்பவர்களுக்குத்தான் நான் எச்சரிக்கை சொல்ல வேண்டும். போர் நடக்கும்போதே டோக்கன் சேர்க்கும் பித்து பிடித்துவிட்டது. அச்சுவெட்டிகள் சும்மா இருப்பார்களா? அச்சுகளை மாற்றி மாற்றி ஜோடி சேர்த்து, வெள்ளை உலோகத்தில், வெள்ளியில், அரசாங்கத்தின் பத்து சென்ட் காசின் மேலேயே அடித்து, சேகரிப்பவர்களுக்கென்றே விற்றார்கள். ஒரு கடைக்காரர் பெயர் ஒரு பக்கம், சம்பந்தமே இல்லாத இன்னொரு கடை மறுபக்கம் என்று இருந்தால் அது பெரும்பாலும் அந்தக் கூட்டம்தான். அவை ஒரு நாளும் ரொட்டி வாங்கியதில்லை. அரிதுதான், மறுக்கவில்லை, பளபளவென்று இருக்கும், அதையும் மறுக்கவில்லை. ஆனால் பானையிலும் பாக்கெட்டிலும் கல்லாப்பெட்டியிலும் தேய்ந்து, எழுத்தின் முனை மழுங்கிய செம்பு டோக்கனை, அரிது எண் 2 ஆனாலும், நான் முதலில் எடுப்பேன். நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள், அவ்வளவே.

விலையைச் சொல்வதென்றால், தேய்ந்த, பொதுவான தேசபக்தி டோக்கன் இருபது முப்பது டாலரில் கிடைப்பது சாதாரணம். பெரிய நகரத்துக் கடை டோக்கன் அதைவிடக் கொஞ்சம் கூட. ஒரே ஒரு கடை மட்டும் டோக்கன் அடித்த சின்ன ஊர் என்றால் விலை எகிறும், ஏனென்றால் ஊருக்கு ஒன்று என்று சேர்ப்பவர்கள் எல்லோரும் அதற்கு மோதுவார்கள். நமக்குத் தபால் செலவுதான் வில்லன். ஒற்றை டோக்கனாக வரவழைத்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஒரே விற்பனையாளரிடம் ஐந்தாறு சேர்த்து வாங்குங்கள், அல்லது அங்கே இருக்கும் அக்கா மகனோ நண்பரோ ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள். பிறகு விற்று மாற்றலாம் என்ற கணக்கோடு வாங்காதீர்கள். நூறாண்டு கடந்த நாணயத்தை இந்தியாவிலிருந்து வெளியே அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கும். வந்தது உங்களோடு இருக்கப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போலிகளில் பெரும்பகுதி ஏமாற்ற அடித்ததல்ல, நினைவுப்பொருளாக விற்றது. அமெரிக்காவில் 1973 முதல் நகல் காசில் 'காப்பி' என்று அச்சிட வேண்டும். அந்தச் சொல் இருந்த இடத்தை அரம் போட்டுத் தேய்த்திருக்கிறதா என்று பாருங்கள். சுற்றிலும் தேய்மானம் இல்லாமல் ஒரே ஒரு இடம் மட்டும் மழமழவென்று இருந்தால் கீழே வையுங்கள். வார்த்துச் செய்த போலியில் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடும், தளத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் தெரியும். அசல் டோக்கன் அச்சில் அடித்தது. எழுத்துகளின் சுவர் செங்குத்தாக நிற்கும். நகைத் தராசில் எடை போட்டு, அதே வகை டோக்கன்களின் எடையோடு ஒப்பிடுங்கள்.

கை வைக்காதீர்கள்

நான் செய்த பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப நாளில், பொங்கலுக்கு முந்தின நாள் வீட்டில் செம்புப் பாத்திரத்துக்கும் குத்துவிளக்குக்கும் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தோம். கூடவே ஒரு மருந்துக்கடை டோக்கனையும் போட்டேன். புதுக் காசு மாதிரி ரோஜா நிறத்தில் மின்னியது. பெருமையோடு ஒரு மூத்த சேகரிப்பாளரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உறைக்குள் வைத்துத் திருப்பித் தந்தார். நூற்றைம்பது ஆண்டு ஏறிய பழுப்பை அரை நிமிஷத்தில் கழுவியிருந்தேன். அது திரும்ப வராது. இன்றைக்கும் அந்த டோக்கன் பக்கத்து டோக்கன்களுக்கு நடுவே பல் கட்டியவர் சிரிப்பு மாதிரி இருக்கிறது.

ஆகவே புளி, எலுமிச்சை, விபூதி, பிராசோ எதுவும் வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப்போட்டு, தேய்க்காமல், துணியில் ஒற்றி எடுங்கள். பிளாஸ்டிக் உறையில் கிடந்து பிசுபிசுப்பு ஏறியிருந்தால் சுத்தமான அசிட்டோனில் முக்கி எடுக்கலாம். நகப்பூச்சு அழிப்பான் வேறு, அதை எடுத்துவிடாதீர்கள். கட்டியாகப் படிந்து அரிக்கும் பச்சைக் களிம்பு கண்ணில் பட்டால் அந்த டோக்கனை மற்றவற்றிலிருந்து உடனே பிரியுங்கள். எப்போதும் விளிம்பைப் பிடியுங்கள். முகத்தில் விரல் பட்டால் ஆறு மாதம் கழித்து உங்கள் கைரேகை அதில் பதிந்து நிற்கும்.

ஒவ்வொன்றையும் தனிக் காகித உறையில் போட்டு மேலே எழுதுங்கள்: மாநிலம், ஊர், கடைக்காரர் பெயர், தொழில், தெரு இருந்தால் தெரு, ஃபுல்ட் எண், எடை, அச்சு வாக்கு, எப்போது, என்ன விலைக்கு. தெருவும் பெயரும் இருந்தால் இன்னொரு வேலையும் செய்யலாம். அந்தக் காலத்து அமெரிக்க நகரங்கள் ஆண்டுதோறும் விலாசப் புத்தகம் போட்டன; சின்சினாட்டிக்கு வில்லியம்ஸ் விலாசப் புத்தகம். பல, படமெடுத்து இணையத்தில் கிடக்கின்றன. என்னிடம் இருக்கும் ஒரு மளிகைக்காரரை அதில் தேடினேன். ஒரு ஆண்டுப் புத்தகத்தில் டோக்கனில் உள்ள அதே விலாசத்தில் இருந்தார். அடுத்ததில் கடை ஒரு தெரு தள்ளிப் போயிருந்தது, வீட்டு விலாசமும் மாறியிருந்தது. அதையும் உறையில் எழுதி வைத்தேன்.

மலிவான பி.வி.சி. ஆல்பம் வாங்காதீர்கள், அதுதான் அந்தப் பிசுபிசுப்புக்கும் பச்சைக்கும் தாய். மைலார் உறை, அமிலமில்லாத காகிதம் இரண்டும் போதும். நம் ஊர்க் கடலோர ஈரத்துக்கு உறைகளை இறுக மூடும் டப்பாவில் வைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் பொட்டலத்தை மாற்றிவிடுங்கள். தை பிறந்ததும் ஒரு முறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாருங்கள்.